காரைக்கால் கடலுக்கு எந்த விண்ட்சர்ஃபிங் போர்டு? 105 லிட்டரில் இரண்டு சீசன் ஓட்டிய அனுபவம்

நம் கரையில் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் கட்டின பலகையில் நின்று காற்றில் ஓடுவது, செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் போர்டு வாங்க நினைக்கிற ஆளுக்குக் கிடைக்கிற யோசனை எல்லாம் எங்கோ ஒரு ஏரிக்கும் தட்டையான தண்ணீருக்கும் சொன்னதாகவே இருக்கிறது. "உன் எடை என்ன, அதோடு ஐம்பது அறுபது கூட்டு, அத்தனை லிட்டர் பருமன் உள்ள போர்டு வாங்கு" என்பார்கள். ஓமானில் வேலை பார்த்தபோது இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பும்போது அந்தக் கணக்கில்தான் 130 லிட்டர் ஃப்ரீரைடு போர்டு, அதாவது தட்டையான தண்ணீரில் ஓட்டுகிற அகலமான வகை, ஒன்று வாங்கி வந்தேன். என் எடை 74 கிலோ. கணக்கு சரி, கடல்தான் வேறு.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி வரை உள்ள கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய அலை கிடையாது, சாதாரண நாளில் முட்டி உயரம், காற்று நாளில் இடுப்பு உயரம். ஆனால் தண்ணீர் ஒரு நொடிகூட மட்டமாக இருக்காது. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும்பும்போது அதன் சிற்றலை ஒரு பக்கம் வரும், முந்தின நாள் அலையின் மிச்சம் இன்னொரு பக்கம் வரும், அரசலாறு கடலில் விழுகிற இடத்தில் ஆற்றுத் தண்ணீர் காற்றுக்கு எதிராக வெளியே தள்ளும், அந்த மூன்றும் மோதுகிற இடத்தில் அலைக்கும் அலைக்கும் நாலைந்து அடிதான் இடைவெளி. அகலமான போர்டு அந்த இடைவெளியில் உட்காராது. ஒன்றின் தலையிலிருந்து அடுத்ததன் தலைக்குத் தாவும், ஒவ்வொரு தாவலும் நம் முட்டியில் வந்து இறங்கும்.

தரங்கம்பாடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் நான் கரையேறியதும் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பலகை தண்ணிய அறையுது, எங்களுக்கு இங்க வரைக்கும் சத்தம் கேக்குது. எங்க ஃபைபருக்கு அடி கூரா இருக்கும், அது கிழிச்சுக்கிட்டுப் போவும். இது தாம்பாளம் மாதிரியில்ல இருக்கு" என்றார். பாய் கட்டின பலகையை வாழ்க்கையில் அன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறார். நான் ஒரு வருஷம் ஓட்டியும் பிடிபடாததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் லிட்டரை விட்டுவிட்டு அகலத்தையும் அடிப்பாகத்தையும் பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது என்னிடம் இருப்பது ஃப்ரீவேவ் என்று சொல்கிற, சாதாரண ஓட்டத்துக்கும் அலைக்கும் நடுவான வகை, 105 லிட்டர், சென்னையில் ஒருவரிடம் பழையதாக 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபனாடிக் ஃப்ரீவேவ், டபூ த்ரீ எஸ், ஸ்டார்போர்ட் கோட், ஜேபி ஃப்ரீஸ்டைல் வேவ் என்று இந்த வகையில் நாலைந்து பெயர்கள் பழைய போர்டு சந்தையில் அடிபடும். என்னுடையது எது என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இங்கே நான் எழுதுவது ஒரு கம்பெனியைப் பற்றி இல்லை, இந்த வடிவத்தைப் பற்றி. பழைய 130 லிட்டர் போர்டின் அகலம் 76 செ.மீ. இது 64 செ.மீ. பன்னிரண்டு செ.மீ. வித்தியாசம் என்று படிக்கும்போது ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், காலுக்குக் கீழே வந்தால் அது வேறு வாகனம்.

வாங்கப் போகும்போது செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள். போர்டைக் கவிழ்த்து மணலில் வையுங்கள். நேரான அலுமினியப் பட்டை ஒன்றை மாஸ்ட் (பாய்மரம்) பொருத்துகிற இடத்துக்கு நேர் பின்பக்கமாக, போர்டுக்குக் குறுக்கே வையுங்கள். நடுவில் பட்டை தொட்டு, இரண்டு ஓரத்திலும் விரல் நுனி நுழைகிற இடைவெளி இருந்தால் அடிப்பாகம் லேசாகக் கூரானது, அந்தத் தரங்கம்பாடி அண்ணன் சொன்ன ஃபைபர் படகு மாதிரி. அதுதான் அலையின் அடியை வாங்கிப் பக்கவாட்டில் பிரித்துவிடும். மூக்குப் பக்கம் நகர்த்தினால் சில போர்டுகளில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஆழமில்லாத குழிவு தெரியும், அதுவும் நல்லதுதான், அறைகிற சத்தம் குறையும். பிறகு பட்டையை நீளவாட்டில் பின்பக்கம் வையுங்கள். கடைசி ஒரு முழம் பட்டையை விட்டு லேசாக விலகி வளைந்திருந்தால் அலையில் திரும்பும். ரொம்பவும் வளைந்திருந்தால் அது முழு அலைப் போர்டு, நம் இடுப்பு உயர அலைக்கு அவ்வளவு வளைவு சுமைதான், தண்ணீரை விட்டு எழும்பி வழுக்கி ஓடவே காற்று பற்றாது. வளைவே இல்லாமல் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தால் அது வேகத்துக்குச் செய்தது, தட்டைத் தண்ணீரில் பறக்கும், இங்கே முட்டியைத் தின்னும்.

ஓடுவது எப்படி? 15 நாட் காற்றில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர், 6.2 சதுர மீட்டர் பாயோடு எழும்பிவிடுகிறது. பழைய போர்டு அதற்கும் இரண்டு மூன்று நாட் முன்னாலேயே எழும்பிவிடும், அதை மறைக்க வேண்டியதில்லை. காற்று 12 நாட் மட்டும் இருக்கிற நாளில் இந்தப் போர்டில் நிற்கிறவன் பொறுமையாக நிற்கத்தான் வேண்டும். ஆனால் எழும்பின பிறகு நடப்பதுதான் முக்கியம். ஆற்று வாயின் கலங்கின தண்ணீரில் நான் முதல் தடவை இரண்டு காலையும் கால்பட்டைக்குள் மாட்டிக்கொண்டு முழுக்கக் குறுக்கே வெட்டிப் போனது இந்தப் போர்டில்தான். முன்பு அந்த இடத்தில் பாயைத் தளர்த்திப் பயந்து பயந்து போவேன். இப்போது அலை காலுக்கு அடியில் ஓடுவது தெரிகிறது, அடிப்பது தெரியவில்லை. திரும்பும்போதும் பின்காலை ஓரத்தில் அழுத்தினால் போர்டு கடித்துக்கொண்டு திரும்புகிறது, சின்ன அலையின் முகத்தில் ஒரு வளைவு போட்டு இறங்கி வரலாம். அந்த இரண்டு நொடிச் சுகத்துக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

கால்பட்டையை உட்பக்கத் துளைகளில் மாட்டுங்கள். வெளி ஓரத்தில் மாட்டினால் வேகம் கூடும், கலங்கின தண்ணீரில் பிடி போய்விடும். மூக்கு தூக்கித் தூக்கி அடித்தால் போர்டைத் திட்டுவதற்கு முன் மாஸ்ட் அடியை ஒரு செ.மீ. முன்னால் தள்ளிப் பாருங்கள், அடிப்பது பாதி நின்றுவிடும்.

சரி, இப்போது ஃபின், அதாவது போர்டுக்கு அடியில் பின்பக்கம் இறங்குகிற மீன்துடுப்பு மாதிரியான தகடு. டெல்டாவில் போர்டைவிட இதுதான் தலைவலி. போர்டோடு வந்தது நேராக இறங்கும் 30 செ.மீ. ஃபின். ஐப்பசி மழைக்குப் பிறகு ஆறு வாய்க்கால் எல்லாம் நிரம்பி ஓடும்போது ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாகக் கடலுக்கு வந்துவிடும், அதோடு வைக்கோல், வாழை மட்டை, அறுந்த வலைத் துண்டு. முழு வேகத்தில் போகும்போது நேர் ஃபினில் ஒரு வேர்க்கொத்து சிக்கினால் பிரேக் பிடித்த மாதிரி போர்டு நிற்கும், நாம் பாயோடு முன்னால் பறப்போம். இரண்டு தடவை பறந்த பிறகு, பின்பக்கமாக 45 பாகைக்குச் சாய்ந்த 26 செ.மீ. ஃபின் வாங்கினேன். குப்பை அதில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. காற்றுக்கு எதிராக ஏறுவதில் கொஞ்சம் நஷ்டம் உண்டு, ஆனால் மார்கழி வரை இதைக் கழற்றுவதே இல்லை. மாசிக்கு மேல் தண்ணீர் தெளிந்ததும் நேர் ஃபின். பழைய போர்டு வாங்கும்போது ஃபின் பெட்டி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள், பவர் பாக்ஸ், டட்டில், யூஎஸ் பாக்ஸ் என்று இருக்கிறது, ஒன்றின் ஃபின் இன்னொன்றில் ஏறாது.

ஃபாயில், அதாவது அடியில் கம்பமும் அதன் நுனியில் இறக்கையும் உள்ள போர்டு, வாங்கலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயில் போர்டுதான் ஓட்டினார்கள், தண்ணீருக்கு மேலே மிதந்து போவதால் சிற்றலை காலுக்கே எட்டாது, எல்லாம் உண்மை. ஆனால் போர்டுக்கு அடியில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பம் இறங்கும். நம் ஆற்று வாய்களில் மணல்திட்டு இன்று இருந்த இடத்தில் நாளை இருக்காது, இடுப்பு ஆழத்தில் போய்க்கொண்டே திடீரென்று முட்டி ஆழம் வரும். அதோடு கரையோரம் வலை விரித்திருப்பார்கள். அடுத்தவர் வலையைக் கிழித்துவிட்டுக் கரைக்கு எந்த முகத்தோடு வருவது? இந்தக் கடலுக்கு நான் ஃபாயில் சொல்லமாட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 105 லிட்டர் என்பது என் எடைக்கு ஓரமான கணக்கு. நான் 74, போர்டு 7, பாயும் மாஸ்டும் சேர்ந்து 9 என்று வைத்தால் 90 கிலோ போய்விட்டது, மிச்சம் பதினைந்துதான். காற்று செத்தால் அதன் மேல் நின்று பாயைக் கயிறு பிடித்துத் தூக்கலாம், ஆனால் கலங்கின தண்ணீரில் அது பெரும்பாடு. தண்ணீரில் மிதந்தபடியே பாயில் காற்றைப் பிடித்து ஏறத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர்களுக்கு இந்த வகையே வேண்டாம், நடுத்துடுப்பு உள்ள 160 லிட்டருக்கு மேற்பட்ட பழகு போர்டு ஒன்றில், அலை இல்லாத உப்பங்கழியில் கற்றுக்கொண்டு வாருங்கள். அறுபது கிலோ ஆட்களுக்கு 90 லிட்டர் போதும், எண்பத்தைந்துக்கு மேல் இருந்தால் 115.

ரிப்பேர் விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் படக்கூடாது. மாஸ்ட் விழுந்து மூக்கில் கட்டைவிரல் நீளம் விரிசல் விட்டது. ஃபைபர் படகு செய்கிற பட்டறை ஒன்றில் கொடுத்தேன், நல்ல கைவேலைக்காரர், அழகாகப் பூசிக் கொடுத்தார். மறுநாள் அமுக்கிப் பார்த்தால் உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்குக் குழி. படகுக்குப் பூசுவது பாலியெஸ்டர் ரெசின், போர்டுக்கு உள்ளே இருப்பது தெர்மாகோல், அந்த ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி ரெசின்தான் பூச வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் அதைத்தான் பூசியிருப்பார். திரும்ப வெட்டி, உலர்த்தி, நிரப்பி, எபாக்ஸி போட ஒரு மாசம் ஆயிற்று. விரிசல் விட்ட போர்டைத் தண்ணீரில் இறக்காதீர்கள், உள்ளே குடித்த உப்புத் தண்ணீர் வெளியே வருவது லேசில்லை.

அப்புறம் நம் வெயில். மேல்புறத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும், காற்று போக்குகிற திருகு. சித்திரை வெயிலில் காருக்கு மேல் கட்டிக்கொண்டு மயிலாடுதுறையிலிருந்து வந்தால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து மேல்தோலைப் பிரித்துவிடும். வண்டியில் ஏற்றும்போது திருகைத் தளர்த்துங்கள், தண்ணீரில் இறங்கும் முன் இறுக்குங்கள். நான் மறக்காமல் இருக்கப் பாய்ப் பையின் ஜிப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், துணியைப் பார்த்தால் கை தானாகத் திருகுக்குப் போகும்.

கச்சான் அடிக்கிற நாளில், போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இறங்காதீர்கள். அது மேற்கிலிருந்து கரையைத் தாண்டிக் கடலுக்குள் தள்ளுகிற காற்று. கரையோரம் தண்ணீர் வழவழவென்று இருக்கும், ஆசை காட்டும், ஏதாவது ஒன்று உடைந்தால் திரும்பி வர வழி கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகளும் கடலில் இருக்காது, நம்மைப் பார்க்க ஆள் குறைவு. கடல்காற்று எழும்பி, மணலில் ஊன்றின துணி ஊர்ப் பக்கம் பறந்தால் மட்டும் இறங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய நினைத்தால், மாசி, பங்குனியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மேல் காரைக்கால் கடற்கரையில் அரசலாற்று வாய்க்குப் பக்கத்தில் இருப்பேன். 5.3 பாயும் 6.2 பாயும் என்னிடம் இருக்கின்றன, ஹார்னஸ், அதாவது இடுப்பில் கட்டிப் பாயோடு கொக்கி மாட்டுகிற பட்டை, மட்டும் உங்கள் அளவுக்குக் கொண்டு வாருங்கள். பழைய 130 போர்டையும் எடுத்து வருகிறேன், ஒரே தண்ணீரில் அரைமணி நேரம் அதையும் அரைமணி நேரம் இதையும் ஓட்டிப் பாருங்கள்.