டைனோசர் உருண்டையும் தேக்கரண்டிக் கணக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து மளிகைக் கடைகளில், அரிசி மூட்டைக்கு எதிரே முழங்கால் உயரத் தட்டில் இருக்கிறது, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சாக்லேட் உருண்டை டப்பா. பெரியவர்கள் குனிந்தால்தான் தெரியும். ஐந்து வயது வாண்டுக்கு நேருக்கு நேர். இடத் தேர்வுக்கு முழு மதிப்பெண்.

முன்பக்கம் டைனோசர் பளு தூக்குகிறது. 'முழுத்தானியம்', 'வைட்டமின்' எல்லாம் கொட்டை எழுத்தில். டப்பாவைத் திருப்பி 'ஜும்லா கூலா' (மொத்தச் சீனி) என்ற வரியைத் தேடுங்கள். 100 கிராமுக்கு 30 கிராம் சீனி. பக்கத்துக் கட்டத்தில் ஒரு வேளைக்கு 9 கிராம்தான் என்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கணக்கில் ஒரு வேளை என்பது 30 கிராம். தராசில் நிறுத்துப் பாருங்கள், மங்கின் (கிண்ணத்தின்) அடி மறையும், அவ்வளவுதான். பிள்ளைகள் கொட்டிக்கொள்வது 60 கிராம்: 18 கிராம் சீனி, நாலரை தேக்கரண்டி. நாளுக்கு 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு, சீனியிலிருந்து வரும் கலோரி 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் விரும்பும் அளவே 20 கிராம்தான். பள்ளிப் பேருந்து வருவதற்குள் அன்றைய பங்கு ஏறக்குறைய காலி. 11 வேளைக்கு என்று போட்ட 330 கிராம் டப்பாவும் ஐந்தாறு வேளையில் காலி.

கோதுமை முதலில் வருகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பட்டியல் எடை வரிசைப்படி வரும். சீனி, குளுக்கோஸ் சிரப், தேன் என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்க்கும் வேலை நம்முடையது.

பால் ஊற்றிய மூன்று நிமிடத்தில் உருண்டை வெளுக்கும், பால் பழுப்பாகும். மேல்பூச்சுச் சீனியும் கொக்கோவும் கரைகின்றன. விளம்பரத்தில் இதற்குப் பெயர் மந்திரம். கடைசியில் மங்கைத் தூக்கிக் குடிக்கும் பாலில்தான் சரக்கே இருக்கிறது.

2019 ஜூலையிலிருந்து, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பாட்டில் குளிர்பானங்களுக்கு மலேசியாவில் கலால் வரி உண்டு. உருண்டை பானமல்லவே! டைனோசருக்கு நல்ல வக்கீல்.

நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த டப்பா சில நாளில் நமுத்துவிடும்; பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 20 கிராம் உருண்டை, 30 கிராம் ஓட்ஸ், ஒரு பிசாங் மாஸ் வாழைப்பழம். சீனி 6 கிராமுக்கு இறங்கும், பழத்தினுடையது தனி. ஓட்ஸைப் பாலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, உருண்டையைக் கடைசியில் கலக்கவும். மேலே தூவினால் அதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மங்கைத் தள்ளிவிடுவார்கள்.