பிணைக்கைதி மீட்பு: ரெடி விதியா, கடிகார வட்டமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) 5ஆம் பதிப்பு. கொள்ளையன் ஒருவன் கிராமத்தானின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறான். ஆட்டத்தை நடத்துபவர் இந்தக் காட்சியை எப்படி நடத்துவது?

நியாயம்
ரெடி (ஒரு செயலைத் தயாராக வைத்து, சொன்ன நிபந்தனை நடந்ததும் செய்யும் விதி): யாராவது நெருங்கினால், கொள்ளையன் தன் முறைக்குக் காத்திராமல் உடனே, அதாவது ரியாக்‌ஷனில் குத்துவான். சாதாரண கிராமத்தானுக்கு 4 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) தான், ஒரே குத்தில் போய்விடலாம். ஆட்டக்காரர்கள் யோசிக்கும் முன்பே பகடை தீர்ப்புச் சொல்லிவிடும்.
கடிகாரம்: 6 கட்ட வட்டம் வரைந்து மேசை நடுவில் வையுங்கள். மிரட்டினால் ஒரு கட்டம், வாளை உருவினால் இரண்டு நிரப்புங்கள். வட்டம் நிரம்பினால் கத்தி இறங்கும். ஆபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பேரம் பேசலாம், ஆளை அசையவிடாமல் செய்யும் ஹோல்ட் பெர்சன் மந்திரம் போடலாம், அப்புறம் பின்வாசலும் இருக்கிறது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

சுலபம்
ரெடி: விதி ஏற்கெனவே இருக்கிறது.
கடிகாரம்: தாளும் பென்சிலும் போதும்.

வழியில் வரும் சின்ன மோதலுக்கு ரெடி சரி. கைதி கதைக்கு முக்கியமானவர் என்றால் கடிகாரம்தான்.