‘அட்டோச்சா காசு’ என்றால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடலில் கிடந்த ஸ்பானிய வெள்ளிக்காசு என்று நம்பி 1,450 டாலர் கொடுத்து, முலாம் பூசிய செம்புத் துண்டு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன்.

விடுமுறைக்கு ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவுகளுக்குப் போயிருந்தோம். 1622இல் புயலில் மூழ்கி, 1985இல் புதையல் தேடுபவரான மெல் ஃபிஷரின் குழு பெரும்புதையலோடு கண்டெடுத்த அட்டோச்சா என்ற ஸ்பானியக் கப்பலின் கதை அங்கே தெருவெல்லாம் விற்பனையாகிறது. கிளிஞ்சல் மாலைகளோடு பழங்காசும் விற்கும் சிறிய கடை அது. கடைக்கார முதியவர் எட்டு ரெயால் (ரெயால் என்பது பழைய ஸ்பானியப் பணம்) காசு ஒன்றை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தாமே மூடிவிட்டார். “தென் அமெரிக்காவின் பொட்டோசி மலை வெள்ளி. முந்நூற்று அறுபது வருடம் கடலடியில் கிடந்தது” என்றார். சிலுவை, அதன் கட்டங்களில் சிங்கமும் கோட்டையும், ஓரத்தில் பிறை போல ஒரு வெடிப்பு. அங்கேயே விழுந்துவிட்டேன். ரொக்கமென்றால் 50 டாலர் குறைப்பதாகச் சொன்னார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன் பாருங்கள்!

வீட்டில் நகைத் தராசில் 21.4 கிராம் காட்டியது. அச்சிட்டபோது 27 கிராம் இருந்திருக்கும். கடல் அரித்தால் குறையும்தான். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். எடை 2.4 கிராம் குறைந்தது. 21.4ஐ 2.4ஆல் வகுத்தால் அடர்த்தி 8.9. அந்தக் காலத்து வெள்ளிக்காசுக்கு 10.3ஐ ஒட்டி வர வேண்டும். 8.9 என்றால் செம்பு.

கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, “உப்புத் தண்ணீர் தின்றிருக்கும்” என்றார். உப்பு முதலில் தின்பது வெள்ளியில் கலந்த செம்பைத்தான். வெள்ளியைத் தின்றுவிட்டுச் செம்பை மிச்சம் வைக்கும் கடல் எங்கே இருக்கிறது? அடுத்த முறை, முதலாளி வெளியூர் போயிருப்பதாக ஒரு பெண் சொன்னார். மூன்றாம் முறை, “ரசீதைப் படித்தீர்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். படித்தேன். பொடி எழுத்தில் ‘அட்டோச்சா பாணிக் காசு’ என்று இருக்கிறது. பாணியாம்! 1,450 டாலருக்கு!

வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். கடையில் என் மனைவி எடுத்த படத்தைப் பெரிதாக்கினால், பின்னால் கண்ணாடிப் பெட்டியில் இன்னும் இரண்டு காசுகள். அதே இடத்தில் அதே பிறை வெடிப்பு. அசலில் வெள்ளிக் கட்டியிலிருந்து வெட்டி, சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்த காசுகள் இவை. இரண்டு ஒன்றுபோல இருக்கவே இருக்காது. வார்ப்பில் ஊற்றியிருக்கிறார்கள்.

போலியைக் கண்டுபிடிக்கும் வழிகளை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. அசல் அட்டோச்சா காசின் சான்றிதழில் அந்தக் காசின் படம், எண், எடை இருக்கும். என்னுடையதில் கப்பல் படம் மட்டும். ரொக்கம் கொடுக்காதீர்கள், கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிலாவது முறையிட்டிருப்பேன். ரசீதைக் கடையிலேயே நின்று படியுங்கள். நாளை நான்காம் முறை கூப்பிடப் போகிறேன்.