கிறிஸ்துமஸ் மரம்: பிளாஸ்டிக்கா, சவுக்கா, தொட்டிச் செடியா?

டிசம்பர் பிறந்தால் நம் ஊரில் மரம் வைக்க மூன்று வழிகள்: கடையில் மடித்துக் கட்டிய பிளாஸ்டிக் மரம், சாலையோரம் விற்கும் சவுக்குக் கிளை, நர்சரித் தொட்டியில் நிற்கும் அரக்கேரியா. இதில் மண்ணுக்குக் குறைந்த கேடு எது என்று கேட்டால் நான் சவுக்கைத்தான் சொல்வேன். ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் வைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும் பதில் வேறு.

பிளாஸ்டிக் மரம் என்பது பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த இலைகளை இரும்புக் கம்பியில் முறுக்கிச் செய்தது. இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. கம்பிக்காக யாராவது எரித்தால் பிவிசி புகையில் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுகள் வரும். இங்கிலாந்தின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கின்படி, ஆறரை அடி பிளாஸ்டிக் மரம் ஒன்றின் கரியமில வாயுச் சுமை ஏறத்தாழ 40 கிலோ. அதே உயர நிஜ மரத்தை வெட்டி, பிறகு எரித்தாலோ தூளாக்கி மண்ணில் போட்டாலோ 3.5 கிலோதான். அதாவது பிளாஸ்டிக் மரத்தைக் குறைந்தது 12 கிறிஸ்துமஸுக்காவது வைத்தால்தான் கணக்கு நேராகும். இது அங்கே வளரும் ஊசியிலை மரங்களுக்கான கணக்கு. சவுக்குக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் எடை கூடுகிறது என்பது தெரிகிறது. ஆகவே பரணில் பழைய மரம் இருக்கிறதா? அதையே வையுங்கள், கிளை உதிரும்வரை வையுங்கள். 'இயற்கைக்கு மாறுகிறேன்' என்று நல்ல மரத்தைக் குப்பையில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

புதிதாக வாங்குபவர்களுக்குச் சவுக்கு. கடலூர், விழுப்புரம் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் பயிர்போல வளர்க்கிறார்கள். சில வருடங்களில் வெட்டுக்கு வந்துவிடும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குப் பிடித்துத் தருவதால் உரச் செலவும் குறைவு. கழி பந்தலுக்கும் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போய்விடும். மிஞ்சும் நுனியும் மிலாரும் அடுப்புக்கு. நம் வீட்டுக்கு வருவது அந்த நுனிதான். அதற்காகத் தனியாக ஒரு மரம் சாவதில்லை, கொடுக்கும் காசும் உள்ளூரிலேயே நிற்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கடற்கரையில் காற்றைத் தடுக்க நட்ட சவுக்குத் தோப்பில் கிளை ஒடிக்கக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தோப்புகளின் அருமை கரையோர மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

சவுக்கிலும் குறை உண்டு. கிளை மெலிது, கனமான மணிகள் தாங்காது. ஈர மணல் வாளியில் நட்டாலும் கொஞ்ச நாளில் பழுத்துவிடும், காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். எனவே மெழுகுவர்த்தியை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். பண்டிகை முடிந்ததும் விறகுக்குக் கொடுங்கள், அல்லது நறுக்கிச் செடிகளின் அடியில் பரப்புங்கள். குப்பை வண்டியில் ஏற்றினால் அது சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பை மேடுகளின் அடியில் புதைந்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகும். கார்பன் டிரஸ்ட் கணக்கில் குப்பை மேட்டுக்குப் போன மரத்தின் சுமை 3.5 கிலோவிலிருந்து 16 கிலோவாக ஏறுவது இதனால்தான்.

அரக்கேரியாவை 'உயிருள்ள மரம், வருடா வருடம் வைக்கலாம்' என்று சொல்லி விற்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவில் 50 மீட்டருக்கு மேல் வளரும் இனம் அது. வெளிச்சமில்லாத கூடத்தில் நாள்கணக்கில் அடைத்தால் கீழ்க்கிளைகள் பழுக்கும், உதிர்ந்த கிளை மறுபடி துளிர்க்காது. வெயில் படும் பால்கனியும் தினம் தண்ணீர் ஊற்ற ஆளும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் ஒரு செடியைக் காசு கொடுத்து வாங்கிக் கொல்வதாகிவிடும். அதற்கு வாசலில் நிற்கும் கொய்யா மரத்திலேயே நாலு விளக்கைச் சுற்றலாம், செலவே இல்லை.

நட்சத்திரத்தில் மூங்கில் சிம்பும் காகிதமும்தான் நல்லது, ஆனால் நம் டிசம்பர் மழைக்காலம். தாழ்வாரத்துக்குள் தொங்கவிட இடமிருந்தால் காகிதம், இல்லையென்றால் பல வருடம் உழைக்கும் ஒரே பிளாஸ்டிக் நட்சத்திரம். உள்ளே 60 வாட் குண்டு பல்பு இருந்தால் அதை மாற்றுங்கள். இரவுக்குப் பத்து மணி நேரம், 30 நாள் எரிந்தால் 18 யூனிட். 9 வாட் எல்இடிக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. ஜிகினாத் தூள் எதிலும் வேண்டாம். பெரும்பாலும் அது பொடியாக்கிய பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் உதிரியான பிளாஸ்டிக் ஜிகினா விற்பதை 2023 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது.

குடிலில் போட்டி தெர்மாகோலுக்கும் வைக்கோலுக்கும். அலங்காரத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை, ஆனாலும் அதில் செய்த மலையும் பனியும் குடில்களில் இன்னும் தென்படுகின்றன. 1223-இல் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் குடில் அமைத்தபோது வைத்தது வைக்கோலும் மாடும் கழுதையும்தான். பழைய பிளாஸ்டர் சொரூபங்களைத் தூக்கி எறிய வேண்டாம், அவை தலைமுறைக்கும் இருக்கும். புதிதாக வாங்கினால் சுட்ட களிமண்ணில் வாங்குங்கள். பச்சைக் காகிதத்துக்குப் பதில் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தட்டில் கேழ்வரகு விதைத்தால் கிறிஸ்துமஸுக்குள் புல் தயார். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது வைக்கோல் மாட்டுக்கு, புல் ஆட்டுக்கு.