கட்டியால் மென்மையாகும் குழந்தை எலும்புகள்: அறுவைச் சிகிச்சையா, மருந்தா?

உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் சிறு கட்டியொன்று எஃப்.ஜி.எஃப்.23 என்னும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதால், எலும்பின் உறுதிக்குத் தேவையான பாஸ்பேட் என்னும் தாதுவைச் சிறுநீரகம் தக்கவைக்காமல் வெளியேற்றிவிடுகிறது. எலும்பு நீளக் காரணமான, அதன் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாத குழந்தைகளிடம் இது எலும்பு மென்மையாவதோடு நிற்காமல் ரிக்கெட்ஸாகவும் (வளரும் எலும்புகள் வளைந்து உருக்குலையும் நோய்) வெளிப்படுவதால், பரம்பரை நோயென்று கருதப்பட்டுவிடுவதும் உண்டு.

கட்டியை முழுமையாக அகற்றுவதே நோயைக் குணப்படுத்தும் வழி. அகற்றியபின் ஹார்மோன் விரைவாகக் குறைந்து, ரத்தப் பாஸ்பேட் பெரும்பாலும் சில நாட்களில் இயல்புக்குத் திரும்புகிறது. எலும்பு தேற மட்டும் மாதங்கள் ஆகும். சிக்கல், கட்டியைக் கண்டுபிடிப்பதில்தான். அது பட்டாணி அளவில் பாதத்திலோ மூக்கையொட்டிய எலும்பறையிலோ இருக்கக்கூடும் என்பதால், இத்தகைய கட்டிகளில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி உடலைப் படமெடுக்கும் காலியம்-68 டோட்டாடேட் பெட்-சிடி ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கிறது. திசு சிறிதே எஞ்சினாலும் நோய் திரும்பலாம்.

கட்டி அகப்படாதபோதோ அகற்ற இயலாத இடத்தில் இருக்கும்போதோ மருந்துதான் துணை. பாஸ்பேட்டை ஒரு நாளைக்குப் பலமுறையும், உடன் வைட்டமின் டி-யின் செயல்படு வடிவமான கால்சிட்ரியாலும் தருவது பழைய முறை. இதனால் வரக்கூடிய வயிற்றுப்போக்கு, சிறுநீரகத்தில் கால்சியம் படிதல், பாராதைராய்டு (ரத்தக் கால்சியத்தைச் சீராக்கும் கழுத்துச் சுரப்பிகள்) மிகைச் சுரப்பு ஆகியவற்றைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்மோனையே நேரடியாகத் தடுக்கும் புரோசுமாப் ஊசி, இத்தகைய நிலைக்காக 2 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்றது. மாத்திரைச் சுமையை அது நீக்குகிறது, கட்டியை நீக்குவதில்லை. ஆகவே, ஊசி பலன் தந்தாலும் கட்டியைத் தேடும் பணியை நிறுத்துவது சரியன்று. அகற்றக்கூடிய இடத்தில் அது தென்பட்டால் அறுவைச் சிகிச்சைக்கே முதலிடம் தர வேண்டும்.