9900 என்று அச்சடித்த பேட்டரியும் அப்பாவின் நெற்றி விளக்கும்

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் தலையில் மாட்டும் லைட்டை இன்றைக்கே ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். எங்கே வாங்கினது என்றும் கேளுங்கள். நான் வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை இது.

அப்பாவுக்கு 63 வயது. அவர் பிறந்த ரப்பர் தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிப் பல வருடமாச்சு, நாங்கள் தோட்டத்து லயத்தைவிட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தும் பல வருடமாச்சு. ஆனாலும் கை சும்மா இருக்காது. தெரிந்தவர் ஒருவரின் நாலு ஏக்கர் ரப்பரைப் பாதிக்குப் பாதி கணக்கில் வெட்டுகிறார். காலை ஐந்து மணிக்கெல்லாம் முதல் மரத்தில் உளி வைத்துவிடுவார். நம் ஊரில் வெளிச்சம் வர ஏழு மணியாகும். அந்த இரண்டு மணி நேரமும் நெற்றியில் இருப்பதுதான் அவருக்குக் கண்.

பழைய லைட்டு போய்விட்டது. டவுனில் இரும்புச்சாமான் கடை தவுக்கே, அதாவது முதலாளி, 48 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். "வேணாம்பா, நான் போன்லே பாக்குறேன்" என்றேன். ஆன்லைன் மலிவுச் சந்தை ஒன்றில் பார்த்தேன். அதே மாதிரி லைட்டு 11 வெள்ளி 90 காசு! மூன்று போட்டேன், 35 வெள்ளி 70 காசு. 40 வெள்ளி தாண்டினால் பார்சல் கூலி இல்லை என்று திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அம்மாவுக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் சேர்த்தேன். வந்து பார்த்தால் அது என் சுண்டுவிரல் உயரம். இதில் விற்றவன் மேல் தப்பில்லை, 7 செண்டிமீட்டர் என்று கீழே எழுதித்தான் இருந்தது. படத்தைப் பார்த்து வாங்கியது என் தப்பு.

லைட்டு வந்த அன்று ராத்திரி மூன்றையும் எரிய வைத்துப் பார்த்தோம். பின்கட்டு வாழைமரம் பகல்போலத் தெரிந்தது. உடனே "பொருள் கிடைத்தது" பொத்தானை அமுக்கினேன். ஐந்து நட்சத்திரமும் போட்டேன், படத்தோடு போட்டால் காயின் தருகிறார்கள். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நாலாவது நாள் அப்பா வழக்கத்தைவிடத் தாமதமாக வீடு வந்தார். "லைட்டு சரியில்லடா" என்றார், அவ்வளவுதான். அம்மா துருவித் துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முக்கால் மணி நேரத்தில் லைட்டு மங்கி, மினுக்கி, அணைந்துவிட்டது. போன் மோட்டார் சைக்கிளில். மோட்டார் சைக்கிள் ஓடைக்கு அந்தப் பக்கம். முந்தின வாரம் அதே நிரையில் பாம்புச் சட்டை கிடந்ததைப் பார்த்திருக்கிறார், இருட்டில் காலை எடுத்துவைக்க மனசு வரவில்லை. பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் விடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார், கொசுக்கடியில். அன்றைக்கு வெட்டினது இருபது மரமோ என்னவோ.

சார்ஜ் பத்தவில்லை என்று நினைத்து அன்று ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டேன். அதோடு வந்த சார்ஜர் இரண்டு முள் வைத்தது. நாம்தான் கெட்டிக்காரர்களாயிற்றே, பேனா மூடியால் மேல் ஓட்டையை அமுக்கி இரண்டு முள்ளையும் செருகிவிடுவோம். மூன்றாவது முள்ளும், மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸும் எதற்கு என்று யோசிக்கிறதே இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு அம்மா எழுப்பினார். அடுப்படியில் ஒரு தித்திப்பு நெடி, நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தமாதிரி. லைட்டின் பின்பெட்டியைத் தொட முடியவில்லை, உள்ளே பேட்டரி ஒழுகியிருந்தது. சார்ஜரின் ஓரம் உருகி மேசை விரிப்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில்தான் கேஸ் தோம்பு (சிலிண்டர்).

மறுநாள் மற்ற இரண்டு லைட்டையும் கழற்றினேன். உள்ளே பெரிய உருளை பேட்டரி, மேலே "9900 mAh" என்று கொட்டை எழுத்து, எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்கு அது. இந்த அளவு பேட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த உருவத்துக்குள் நல்ல கம்பெனிக்காரனே 3500 சொச்சத்துக்கு மேல் அடைக்கத் திணறுகிறான், இவன் 9900 எழுதியிருக்கிறான். அம்மா தீபாவளிக்கு முறுக்கு நிறுத்து விற்கும் தராசில் வைத்தேன். 27 கிராம். ஒழுங்கான பேட்டரி என்றால் 45 கிராமாவது இருக்கவேண்டும். தோலுக்குள் பாதிக்குப் பக்கம் காலி!

இனிப் பணத்தைத் திரும்பக் கேட்ட கூத்து. பொத்தானை அமுக்கிவிட்டேன் அல்லவா, அதுவரை சந்தைக்காரர்கள் நடுவில் நிறுத்தி வைத்திருந்த பணம் அந்த நிமிஷமே விற்றவன் கைக்குப் போய்விட்டது. அதன்பிறகு பேசுவது ஓர் இயந்திரம். பெட்டி பிரித்த வீடியோ கேட்டது, என்னிடம் இல்லை. தராசுப் படம் அனுப்பினேன், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது. மூன்றாம் நாள், பொருளை வைத்துக்கொள்ளுங்கள், 4 வெள்ளி தருகிறோம் என்றது. முடியாது என்றதும் திருப்பி அனுப்பச் சொன்னது. பார்சல் கடைப் பெண்ணிடம் உள்ளே என்ன என்று உண்மையைச் சொன்னேன். "பேட்டரி ஒழுகியிருக்கா? எடுக்க முடியாதுண்ணே" என்றார். அவர் சொன்னது நியாயம். அனுப்பினால்தான் பணம், அனுப்பவோ வழியில்லை. இப்படியே தவணை நாள் முடிந்தது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று தங்கை சொன்னாள். உள்ளூர்க் கடைக்காரர் ஏமாற்றினால் தாராளமாகப் போங்கள். 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை கேட்கலாம். என் விற்பனையாளர் கடல் தாண்டி இருக்கிறவர். தீர்ப்பு வாங்கி யார் வீட்டுக் கதவில் ஒட்டுவது?

மலிவுச் சந்தையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. தங்கை வாங்கின தலைமுடிக் கிளிப்பும் என் போன் உறையும் இரண்டு வருடமாக உழைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி உண்டு, அதைச் சேர்த்தும் அவை மலிவுதான். உடைந்தால் குப்பையில் போட்டுவிட்டுப் போகக்கூடிய சாமான் என்றால் வாங்குங்கள். சுவரில் செருகுவது, சார்ஜ் ஏற்றுவது, முகத்தில் பூசுவது, இருட்டில் நம்பிப் போவது, இவற்றை அங்கே வாங்காதீர்கள். சார்ஜர் என்றால் மூன்று முள்ளும் சிரிம் (SIRIM) தரச் சான்று ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அவசரப்பட்டு அமுக்காதீர்கள், தவணை நாள் முடிவதற்குள் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அமுக்குங்கள். நட்சத்திரத்தையும் நம்பாதீர்கள். அந்த லைட்டுக்குக் கீழே நான் முதல் நாள் போட்ட ஐந்து நட்சத்திரம் வாழைமரப் படத்தோடு வெகுநாள் இருந்தது. மாற்றப் போனேன், மாற்றும் காலமும் முடிந்துவிட்டதாம்.

கடைசியில் அதே தவுக்கே கடையில் 48 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அவர் அதை எரியவிட்டுக் காட்டி, ரசீதுக்குப் பின்னால் தேதி எழுதி, "ஆறு மாசம், ரோசாக் ஆனா கொண்டா தம்பி" என்றார், ரோசாக் என்றால் பழுது. அப்பாவிடம் விலையைப் பாதியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒழுகின பேட்டரியும் மற்ற இரண்டும் மண் நிரப்பின பிஸ்கட் டின்னில், கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கின்றன. குப்பை லாரியில் போட பயமாயிருக்கிறது. சுங்கை சிப்புட்டிலோ கோல கங்சாரிலோ பழைய பேட்டரியை வாங்கிக்கொள்ளும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.