மல்யுத்தக் காதுக்கவசம்: 14 மாதம் துவைத்துக் காயப்போட்ட அம்மாவின் மதிப்பீடு

என் மகளுக்கு 15 வயது. மல்யுத்தம் பழக ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஷூ வாங்கினேன், முழங்கால் பேட் வாங்கினேன், பல்லுக்கு மவுத்கார்டு வாங்கினேன். காதுக்கு ஏதாவது வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் பயிற்சி முடிந்து வந்தவள், முடியை அவிழ்த்து வலது காதை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தலை பின்னிவிடும்போது பார்த்தேன். காதின் மேல்மடிப்பு சின்னக் கோலிக்குண்டு அளவுக்கு உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. "ரொம்ப வலிக்கலைம்மா. போட்டி முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். அடுத்த போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். காதின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அதற்கு ஊட்டம் தருகிறது. காது மடங்கி உரசும்போது சவ்வு பிரிந்து, நடுவில் ரத்தம் தேங்குகிறது. அதை எடுக்காமல் விட்டால் அந்த இடத்தில் தாறுமாறாகப் புதுக் குருத்தெலும்பு வளர்ந்து, கட்டியாக இறுகிவிடும். மல்யுத்தக்காரர்களின் காது காலிஃபிளவர் மாதிரி சுருண்டிருப்பது இப்படித்தான். ஊசியால் ரத்தத்தை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். இரண்டே நாளில் மறுபடி நிரம்பிவிட்டது. இரண்டாம் முறை காதின் இரண்டு பக்கமும் பஞ்சுச் சுருள் வைத்து, அழுத்தித் தைத்து, ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் மேட் (மல்யுத்த விரிப்பு) ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏன் வலது காது என்று கோச்சிடம் கேட்டேன். அவளுக்குப் பிடித்த பிடி சிங்கிள் லெக். எதிராளியின் இடது காலைத் தூக்கும்போது இவள் தலை உள்பக்கம் இருக்கும். வலது காது எதிராளியின் தொடையிலும் விலாவிலும் அழுந்தித் தேயும். ஒரு பயிற்சியில் முப்பது, நாற்பது தடவை அதே பிடி, அதே காது. போட்டியில் ஒரு சுற்று என்பது அவள் வயதில் இரண்டு நிமிடம், இரண்டு சுற்றும் சேர்த்து நான்கு நிமிடம். பயிற்சியோ வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். காது கெடுவது பெரும்பாலும் பயிற்சியில்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கவசத்தைப் போட்டிக்கு மட்டும் எடுத்து மாட்டுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

முதலில் நான் எடுத்தது கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வைத்தது. பார்க்கப் பலமாகத் தெரிந்தது. கோச் வேண்டாம் என்றார். அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் கவசம் கட்டாயம். அங்கே ஓடு வைத்தவை சாதாரணம். என் மகள் ஆடுவது ஃப்ரீஸ்டைல், ஒலிம்பிக்கில் இருக்கும் வகை. சர்வதேச விதிப்படி அதில் கவசம் அவரவர் விருப்பம், ஆனால் உலோகமோ கெட்டியான ஓடோ இருக்கக் கூடாது. நல்லவேளை, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் வாங்கியதுதான் இந்த மென்மையான, நான்கு பட்டை மாடல்: நெற்றிக்கு மேலே ஒன்று, உச்சியில் ஒன்று, பிடரியில் ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று. காதைச் சுற்றி ஃபோம் வளையம், நடுவில் துளைகள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 14 மாதத்தில் அந்த வலது காது ஒருமுறைகூட வீங்கவில்லை. ஒருமுறை ரத்தம் கட்டிய காது மறுபடி சுலபமாகக் கட்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால் ஒவ்வொரு இரவும் விரலால் தடவிப் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன். இடது காதும் சுத்தமாக இருக்கிறது. இதற்கு மேல் அந்தப் பொருளிடம் நான் வேறென்ன கேட்பது?

காது கேட்குமா என்ற கவலை எனக்கு இருந்தது. மேட் ஓரத்திலிருந்து கோச் கத்துவது கேட்காவிட்டால் அவள் தடுமாறுவாள். துளைகள் இருப்பதால் பேச்சு கேட்கிறது, கொஞ்சம் மந்தமாக. அரங்கமே கத்தும்போது மட்டும் கோச்சின் குரலைப் பிரித்தறிய முடிவதில்லை என்கிறாள். அதற்காக அவர்கள் கைத்தட்டலில் ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள்.

நீள முடி இருக்கிற பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விஷயம். உச்சிக் கொண்டை போட்டால் இந்தக் கவசம் உட்காராது. உச்சிப் பட்டை கொண்டையில் ஏறி வழுக்கும். தலையோடு ஒட்டி இரண்டு பின்னல் பின்னி, நுனிகளைப் பிடரியில் மடித்துக் கட்டுகிறோம். பிடரிப் பட்டை அந்த முடிச்சுக்குக் கீழே போக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை பாதிப் பயிற்சி கவசத்தைச் சரிசெய்வதிலேயே போனது. முதல் மாதம் தாடைக்குக் கீழே தோல் உரிந்து சிவந்தது. பட்டையின் மேல் மெல்லிய பருத்தித் துணி சுற்றித் தைத்தேன், சரியாகிவிட்டது.

துவைப்பதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். மேட்டில் படர்தாமரையும் வேறு தோல் தொற்றுகளும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும். போட்டிக்கு முன் எடை பார்க்கும்போது தோலையும் சோதிப்பார்கள், தொற்று தெரிந்தால் அன்று ஆட முடியாது. தினமும் பயிற்சி முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட விடுகிறேன். வெயிலில் போட்ட ஒரு வாரத்தில் ஃபோம் விறைத்துப் போனது. துவைக்கும்முன் வெல்க்ரோவை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூடவே துவைக்கும் சிங்லெட்டை (மல்யுத்த உடை) பிய்த்துவிடும். தோழிகள் இரவல் கேட்டால் கொடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி குறை. அது வெல்க்ரோதான்.

எட்டாவது மாதம் ஒரு போட்டி. முந்தைய இரவு கவசத்தைக் கையில் எடுத்தபோதே தாடைப் பட்டையின் வெல்க்ரோவில் முடியும் நூலும் அடைத்து, பிடிப்பு தளர்ந்திருந்தது தெரிந்தது. ஊசியால் கொஞ்சம் கிளறி எடுத்தேன். இந்த ஒரு நாள் தாங்கும் என்று பையில் வைத்துவிட்டேன். மூன்றாவது ஆட்டத்தில் அவள் 4-2 என்று முன்னணியில் இருந்தாள். கடைசி 40 விநாடி. எதிராளி கழுத்தைப் பிடித்து இழுத்ததில் பட்டை விட்டுப்போய்க் கவசம் கண்ணை மறைத்தது. அதை ஒதுக்க இவள் ஒரு கையைத் தூக்கிய நொடியில் எதிராளி பின்னால் போய்க் கீழே தள்ளிவிட்டாள். இரண்டு புள்ளி. 4-4. இருவருக்கும் இரண்டு புள்ளிப் பிடிகளே இரண்டிரண்டு, எச்சரிக்கையும் யாருக்கும் இல்லை. அப்படிச் சமமானால் கடைசிப் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி.

வண்டியில் வரும்போது அவள் பேசவில்லை. பாதி வழியில் நான்தான், "வெல்க்ரோ தளர்ந்திருந்தது எனக்குத் தெரியும்டா. மாத்தியிருக்கணும்" என்றேன். ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் வார்ம்அப்பில் கவனிச்சேன்மா. டேப் ஒட்டியிருக்கலாம்" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகும் அதே மாடலைத்தான் வாங்கினேன். கொக்கி வைத்தது வாங்கலாமா என்று யோசித்தோம், கெட்டியான பாகம் என்று நடுவர் தடுத்துவிடுவார். ஃபோமை விட வெல்க்ரோ சீக்கிரம் போய்விடுகிறது. பட்டையைத் தனியாக மாற்ற வழி வைத்திருந்தால் இன்னும் ஒரு வருடம் உழைக்கும். தயாரிப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும். இப்போது பழையது பயிற்சிக்கு, தாடைப் பட்டையில் நானே புது வெல்க்ரோ தைத்திருக்கிறேன். புதியது போட்டிக்கு மட்டும். போட்டியில் கவசமே இல்லாமல் ஆடவா என்று ஒருமுறை கேட்டாள். டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்து, போட்டுக்கொண்டே ஆடுகிறேன் என்றாள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாங்கும்போது ஃபோம் எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதைவிட, தாடைப் பட்டையில் வெல்க்ரோ எவ்வளவு நீளத்துக்கு ஒட்டுகிறது என்று பாருங்கள். எங்கள் முதல் கவசத்தில் இரண்டு விரல் அகலம்தான் ஒட்டும். பிள்ளையைக் கூடவே அழைத்துப்போய், பின்னல் போட்ட தலையில் மாட்டி, முன்பக்கம் குனியச் சொல்லி, பிடரியில் கைவைத்து நீங்களே நன்றாக இழுத்துப் பாருங்கள். காதோரம் ஃபோம் மடிந்து உள்ளே போனால் அடுத்த அளவைக் கேளுங்கள்.